மலை வேலைக்கு மழைக்கோட்டு: தறிக்காரர் கண்ணால் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் ஆரணி, சேவூர், தேவிகாபுரம் நெசவு வீடுகளில் முனகல் கேட்கும். தெருவில் பாவு போட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஊறும். அதே மழைதான் ஜவ்வாது மலை அருவிகளை நிரப்பி ஆட்களை மேலே இழுக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, வழிகாட்டி வேலை என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அதில் மலைக் கிராமத்து இளைஞர்கள் வேலை பார்க்கிறார்கள். தனியார் குழுக்களிலும் ஆள் தேவைப்படுகிறது.

இந்த வேலைக்கு இறங்க நினைக்கிறீர்களா? ஷூவுக்கு முன்னால் மழைக்கோட்டைப் பாருங்கள். கால் நனைந்தால் நடந்துவிடலாம். உடம்பு நனைந்து காற்றும் அடித்தால் நடுக்கம் வரும். நடுங்கிக்கொண்டு நிற்கும் வழிகாட்டியால் பின்னால் வரும் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள முடியாது.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கோட்டின் சீட்டில் ‘டெனியர்’ என்று போட்டிருப்பார்களே, அது பட்டு நூலை அளக்கப் பிறந்த கணக்கு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர். 20/22 பட்டு வாங்கிப் பழகிய வீட்டில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 20 டெனியர் நைலான் கோட்டு கைக்குள் அடங்கும், முள்ளில் மாட்டினால் கிழியும். புதர்க்காட்டில் தினமும் புகுந்து வருபவருக்கு 40 முதல் 70 வரை நல்லது. ‘ரிப்ஸ்டாப்’ என்பதும் பெரிய வித்தையல்ல. பாவிலும் ஊடையிலும் இடைவெளி விட்டுத் தடித்த நூல் கோத்த கட்டம், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் விழுந்த கிழிசல் அடுத்த கட்டத்துக்கு எளிதில் ஓடாது.

அடுத்தது மில்லிமீட்டர் கணக்கு. துணிமேல் எத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்பதுதான் அது. 1,500 தூறலுக்குத் தாங்கும். ஆனால் முதுகுப்பையின் வார் தோளை அழுத்தும் இடத்தில் தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். வேலைக்கு 10,000 வேண்டும். ‘வாட்டர் ரெசிஸ்டென்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

கடைக்காரர் 20,000 மி.மீ. கோட்டைக் காட்டி ஆசை காட்டுவார். ‘மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போய்விடும்’ என்பார். 1969-ல் பாப் கோர் கண்டுபிடித்த நுண்துளைப் படலத்தில் வந்தது கோர்-டெக்ஸ். நீராவி புகும், நீர்த்துளி புகாது, பொய்யில்லை. ஆனால் உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்து உலர்ந்திருக்கும்போதுதான் ஆவி வேகமாக வெளியேறும். நம் ஊர் மழையில் வெளியேயும் புழுக்கம். எவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கினாலும் ஏற்றத்தில் உள்ளே வேர்த்து ஊற்றத்தான் செய்யும். ஜவ்வாது, ஏலகிரி, கொல்லிமலைக்கு அந்தப் பணம் தண்டம் என்பேன். அக்குளுக்கடியில் திறக்கிற ஜிப் உள்ள 10,000 மி.மீ. கோட்டு போதும். காற்று குறைந்த காட்டுப் பாதைக்கு, பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோ அதைவிடச் சுகம். பாறை ஏறும் இடத்தில் மட்டும் அது காலில் சிக்கும், கழற்றிவிடுங்கள். உத்தரகாசியிலோ டார்ஜிலிங்கிலோ மலையேற்றப் பயிற்சி முடித்து இமயமலைக் குழுக்களில் சேரும்போது விலை உயர்ந்த கோட்டைப் பற்றி யோசிக்கலாம்.

உள்ளே ஜீன்ஸ் வேண்டாம், பருத்திப் பனியனும் வேண்டாம். நனைந்தால் இரண்டும் லேசில் காயாது. பாலியெஸ்டர் டி-ஷர்ட் மலிவு, சீக்கிரம் உலரும்.

வாங்கும்போது கோட்டை உட்புறமாகத் திருப்புங்கள். தையல் முழுவதும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஓட்டை. தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்புகிறதா? இல்லையென்றால் பின்னால் வருபவர் உங்கள் கண்ணில் படமாட்டார்.

பட்டுப்புடவையை மடிப்பு மாற்றி வைப்பது நம் வீட்டுப் பழக்கம். கோட்டுக்கும் ஏறக்குறைய அதே மரியாதை. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். காயவைத்துத் தொங்கவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் கிட்டேயே வரக்கூடாது. மேல்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் பரவினால் கோட்டைத் தூக்கி எறியாதீர்கள். அலசிக் காயவைத்து, சீட்டில் அனுமதி இருந்தால் மெல்லிய சூட்டில் இஸ்திரி போடுங்கள்.

பர்வதமலையின் கடப்பாறைப் படியில் ஏறுவதுபோல இரு கையையும் தூக்கிக்கொண்டு வீட்டுக் குழாயடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மணிக்கட்டு வழியாக முழங்கைக்குத் தண்ணீர் இறங்கினால், பில் பத்திரமாக இருக்கும்போதே கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.