ஆறு பேர் தூக்கும் பாலம்

இராணுவம் என்றவுடன் துப்பாக்கியும் பீரங்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் முன்னே சென்ற ஒரு சிறு படைப்பிரிவுக்கு உணவும் மருந்தும் தோட்டாவும் போய்ச்சேர வழியில்லையெனில், அதன் வீரம் நெடுநேரம் நில்லாது. அவ்வழியை அமைப்பவர்கள் பொறியாளர் படையினர். 1780-ல் சென்னை மாகாணத்தில் தோன்றி, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ அவர்களுள் பழமையானது. இதன் வீரர்களைத் ‘தம்பி’ என்றே இராணுவத்தில் அழைப்பர்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலம் வெள்ளத்தில் போயிற்று. அக்கரையில் மண்ணுக்கடியில் மனிதர்கள். இக்கரையில் மண் அள்ளும் இயந்திரங்கள். மேஜர் சீதா ஷெல்கே முன்னின்று நடத்த, தம்பிகள் இரவு பகலாக உழைத்து 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலையில் முடித்தனர். 24 டன் தாங்கும் அப்பாலத்தின் வழியே இயந்திரங்கள் அக்கரை சேர்ந்தன.

இத்துணை விரைவு எவ்வாறு இயன்றது? இரண்டாம் உலகப் போரின்போது டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலேயர் இதனை வடிவமைத்தார். 1942-ல் வட ஆப்பிரிக்காவில் முதன்முதலாகப் போர்க்களத்துக்கு வந்தது. இதன் அடிப்படை, 10 அடி நீளமும் 5 அடி உயரமும் உள்ள ஓர் எஃகுச் சட்டம். எல்லாச் சட்டங்களும் ஒரே அளவு. எதனையும் எதனோடும் எஃகு முளையால் பூட்டலாம். சுமை மிகுந்தால் சட்டங்களை இரட்டிப்பாக்கலாம். சாதாரண லாரியில் ஏற்றலாம், பாரந்தூக்கி தேவையில்லை.

பாலத்தைக் கரையிலேயே பூட்டி, உருளைகளின் மேல் வைத்து ஆற்றின் குறுக்கே தள்ளுவர். முன்பாகத்தில் இலேசான ‘மூக்கு’ ஒன்றை இணைப்பர். அது எதிர்க்கரையைத் தொடும்வரை மொத்த அமைப்பின் ஈர்ப்பு மையம் இக்கரை உருளைகளுக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும். தவறினால் பாலம் ஆற்றில் கவிழும். நாம் வகுப்பில் படிக்கும் திருப்புத்திறன் விதிதான் இது.

ஒரு சட்டத்தின் எடை ஏறத்தாழ 260 கிலோ. தூக்குபவர் ஆறு பேர். ஆளுக்கு 43 கிலோ. அவிநாசியில் நூல் மூட்டை இறக்கும் என் தந்தையிடம் இதைக் கூறினேன். “நாங்க தனியாளாவே அறுவது கிலோ தூக்கறமே கண்ணு, அவுங்களுக்கு நாப்பத்தி மூணுதானா?” என்றார். சற்று யோசித்து, “மழை பேஞ்சு தரை வழுக்குச்சுன்னா, நாங்களும் ஒரு மூட்டைக்கு ரெண்டு பேராத்தான் புடிப்போம்” என்றார்.

எனக்கு விளங்கியது. எஃகு எவ்வளவு தாங்கும் என்பது மட்டும் இங்குக் கணக்கன்று. களைத்த மனிதன், இரவில், சேற்றில் நின்று எவ்வளவு தூக்குவான் என்பதும் கணக்கு. நாளை ஏதேனுமொரு பொருளை வடிவமைக்கும் வாய்ப்பு நம்மில் எவருக்குக் கிட்டினாலும், அதைச் சுமக்கப்போகிறவரை முதலில் கேட்போமாக.