கட்டிக்குள் சோர்ந்து கிடக்கும் படை

கேள்வி: மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் முற்றியவர்களுக்கு அவர்களுடைய சொந்த அணுக்களையே மருந்தாக்கித் தருகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். புற்றை எதிர்க்கக் கட்டிக்குள் புகுந்த டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கேயே சோர்ந்து கிடக்கும். கட்டியில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, அந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் சுமார் மூன்று வாரம் வளர்க்கிறார்கள். கோடிக்கணக்கில் பெருகியதும் ரத்தக்குழாய் வழியே திரும்ப ஏற்றுகிறார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 1988-லேயே மெலனோமா நோயாளிகளிடம் இதன் பலனை வெளியிட்டது. அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்ததோ 2024 பிப்ரவரியில்! அத்தனை ஆண்டுப் பொறுமையை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

உடம்புக்குக் கடினமான சிகிச்சை இது. செல்களை ஏற்றுமுன் கீமோதெரபியால் பழைய வெள்ளணுக்களைக் குறைத்து இடம் ஒதுக்குவார்கள். ஏற்றிய பின், அந்தச் செல்களைத் தூண்ட இன்டர்லூகின்-2 என்னும் மருந்து தருவார்கள். குளிர்நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, தொற்று எல்லாம் வரக்கூடும். இதயமும் நுரையீரலும் தாங்க வேண்டும். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், மற்ற மருந்துகள் கைவிட்டவர்களில் பத்துக்கு மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. எனக்கு அது பெரிய எண்ணாகவே படுகிறது.

இந்தியாவில் ரத்தப் புற்றுக்குத் தரும் கார்-டி சிகிச்சை வேறு. அதில் செல்லின் மரபணுவை மாற்றுகிறார்கள். இதில் செல்லை அப்படியே பெருக்குகிறார்கள்.