தம்பி, அந்த முதல் ராத்திரி பில்லைத் தூக்கிப் போட்டுடாதே

போன ஐப்பசியில, நல்ல அடைமழை ராத்திரி, அப்பா வயித்தைப் புடிச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டார். சாயங்காலத்துலேர்ந்து ஒண்ணுக்கு வரலையாம். வெட்கப்பட்டு யாருகிட்டயும் சொல்லல. வெளியில சங்கராபரணி இரைஞ்சிக்கிட்டு ஓடுது. "ஆத்துல போவுது, எனக்குத்தான் போவல"ன்னு அந்த வலியிலயும் ஒரு நக்கல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ட்யூப் போட்டு, பையை மாட்டி, விடியறதுக்குள்ள அனுப்பிட்டாங்க. புராஸ்டேட் வீங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னாங்க.

மறுநாள் யாரோ பார்க்க வந்தாங்க. அப்பா அந்தப் பையைத் தூக்கி மடியில வச்சி, மேல துண்டைப் போட்டு மூடிக்கிட்டார். பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். மேல தூக்கினா மூத்திரம் திரும்ப உள்ள போய் கிருமி தொத்திக்கும். நர்ஸ் படிச்சிப் படிச்சிச் சொன்னதும் வெட்கத்துல மறந்துபோச்சி. தம்பி, இன்சூரன்ஸ்ல பணம் போறதும் பாதி இந்த வெட்கத்தாலதான். ஆம்பளைங்க நீங்க கேக்க மாட்டீங்க. அதனால நான் கேட்டுட்டு வந்ததைச் சொல்றேன்.

அன்னிக்கு ராத்திரி ட்யூப் போட்ட பில்லை அம்மா வெத்தலைப் பெட்டிக்குள்ள சுருட்டி வச்சிட்டாங்க. 24 மணி நேரம் படுக்காததால அதுக்குன்னு தனியா க்ளெய்ம் கிடையாது, உண்மைதான். ஆனா அதே கோளாறுக்கு 30 நாளுக்குள்ள அட்மிட் ஆகி ஆபரேஷன் நடந்தா, முன்னாடி ஆன டாக்டர் ஃபீஸ், புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட், ஸ்கேன், ட்யூப் போட்ட செலவு எல்லாத்தையும் அதோட சேர்த்துக் கேக்கலாம். வீட்டுக்கு வந்தப்புறம் 60 நாள் வரைக்கும் ஆகிற மருந்து, செக்கப் செலவும் அப்படித்தான். ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில இருக்கிற கணக்கு இது. 2020 ஏப்ரல்லேர்ந்து எந்தக் கம்பெனியில வாங்கினாலும் அந்தப் பாலிசிக்கு ஒரே வாசகம். வேற பாலிசின்னா நாள் கணக்கு மாறும், பார்த்துக்கோ. வெத்தலைக் கறையோட அந்த பில்லை நீவி எடுத்துக் கொடுத்தோம், பணம் வந்துச்சி.

எதுக்குப் பணம் வரும், எதுக்கு வராதுன்னு நான் புரிஞ்சிக்கிட்டது இவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டர்ல உடம்புக்குள்ள போற சாமானுக்கு வழி இருக்கு. கையில புடிச்சிக்கிட்டு வீட்டுக்கு வர்ற சாமானுக்குப் பெரும்பாலும் வழி இல்லை. டயப்பர் கொடுக்க மாட்டாங்க. மூத்திரப் பை சிகிச்சைச் செலவுக்குள்ளயே அடங்கினதுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தோட பட்டியல்லயே இருக்கு. ஆஸ்பத்திரி அதைத் தனி வரியா பில்லுல போட்டா கம்பெனி அடிச்சிடும், அது நம்ம தலையில விழும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பில்லிங் கவுண்டர்ல "இதை ஏன் தனியா போட்டிருக்கீங்க?"ன்னு கேளு. குறட்டைக்காரங்க மூஞ்சியில மாட்டிக்கிற சீபேப் மெஷினும் இதே பட்டியல்தான்.

லேசர்ல புராஸ்டேட் ஆபரேஷன்னா பாலிசியில இன்னொரு பக்கத்தைப் புரட்டணும். நவீன சிகிச்சைகள்னு 12 இருக்கும், அதுல புராஸ்டேட் லேசரும் உண்டு. ஆரோக்ய சஞ்சீவனியில அதுக்குக் காப்பீட்டுத் தொகையில பாதிதான் உச்சவரம்பு. 5 லட்சம் பாலிசின்னா இரண்டரை லட்சம். புராஸ்டேட் வீக்கத்துக்கு 24 மாசம் காத்திருப்பும் உண்டு. ஒண்ணுக்கு அடைச்சப்புறம் ஓடிப்போய் பாலிசி எடுத்தா ஒரு பைசா வராது. அப்பாவுக்கு நீ மூணு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்து வச்சது புண்ணியம்.

பாலிசி எடுக்கும்போது சர்க்கரை இருக்கிறதை மறைக்காதே. சொன்னா அதிகபட்சம் 36 மாசம் காத்திருக்கணும், அவ்வளவுதான். மறைச்சி மாட்டிக்கிட்டா க்ளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

இப்போ நீ என்கிட்ட கேக்காம முழுங்கின விஷயம். சர்க்கரை பல வருஷம் இருந்தாலும், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனாலும் சிலருக்கு விறைப்புத்தன்மை போயிடும். டாக்டர் வேக்குவம் பம்ப் எழுதிக் கொடுப்பார். அதை வீட்டுல வச்சிப் பயன்படுத்தறதால சாதாரண பாலிசியில வராது. அமெரிக்காவுல முதியவங்களுக்கான மெடிகேர்ல கொடுத்துக்கிட்டிருந்தாங்க, அவங்களும் 2015 ஜூலை 1-லேர்ந்து நிறுத்திட்டாங்க. அதனால இதுக்குக் கைக்காசை ஒதுக்கி வை. ஆன்லைன்ல கண்டதை வாங்காம, யூராலஜி டாக்டர் சொன்னதை மட்டும் வாங்கு. உள்ள வைக்கிற இம்ப்ளான்ட்டுன்னா அது ஆபரேஷன். சில பாலிசி விலக்கியிருக்கும், சிலது விலக்கியிருக்காது. ஏஜென்ட் வாய்ல சொல்றதை நம்பாதே. எந்த நோயால இந்த நிலைமை வந்துச்சின்னு டாக்டர் கையால எழுதி வாங்கி, கம்பெனிக்கு மெயில் அனுப்பி, முன் அனுமதியை எழுத்துல வாங்கிட்டு அப்புறம் படு. 'ஆண்மைக் குறைவு'ன்னு மொட்டையா எழுதின சீட்டுக்கும், 'புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பின் நரம்புப் பாதிப்பு'ன்னு எழுதின சீட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. உண்மை எதுவோ அதை முழுசா எழுதச் சொல்லு.

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு 72. அவருக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். 70 வயசு ஆனவங்களுக்கு வருமானம் பார்க்காம வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் ஆயுஷ்மான் அட்டை, 2024 அக்டோபர்லேர்ந்து இருக்கு. ஆதார் போதும். எந்த ஆஸ்பத்திரி சேர்ந்திருக்குன்னு 14555-க்குப் போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்பு.

ஆபரேஷன் முடிஞ்சி டிஸ்சார்ஜ் அன்னிக்கு அப்பாவை நாற்காலியில உட்கார வச்சிட்டு மதியம் மூணு மணி வரைக்கும் காத்துக்கிடந்தோம். காலையில பத்து மணிக்கே கிளம்பச் சொல்லியாச்சி. ஆஸ்பத்திரியிலேர்ந்து கடைசி பில் போன 3 மணி நேரத்துக்குள்ள கம்பெனி அனுமதி கொடுக்கணும். அதைத் தாண்டி ரூம் வாடகை ஏறினா அது அவங்க செலவு. 2024 மே மாசம் வந்த விதி இது, எனக்கு அப்போ தெரியல.

க்ளெய்மைத் தள்ளிட்டாங்கன்னா, எந்த விதியில தள்ளினீங்கன்னு கேட்டு கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதல்ல எழுது. ஒரு மாசத்துல பதில் வரலைன்னா, வந்தும் திருப்தி இல்லைன்னா, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போ. புதுச்சேரிக்காரங்களுக்குச் சென்னை அலுவலகம்தான். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போகணும். 155255-ல கூப்பிட்டாலும் ஆணையத்துல புகார் பதிஞ்சுக்குவாங்க. எழுதக் கூச்சமா இருந்தா பேப்பரை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, நான் எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு.