நர்சம்மா நோட்டில் எழுதுவது எதற்கு?



உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் நர்சம்மா, பெரிய பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பார். "கடைசியா குளிச்ச தேதி என்னம்மா? இது எத்தனையாவது? முன்னால ஏதாவது தவறிப்போச்சா?"

"ஊசி போட வந்தவங்க கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறாங்களே!" என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ஊசி போடுவதைப் போலவே இதையும் நர்சிங் பள்ளியில் பாடமாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நோய்ப்பரவல் இயல், புள்ளியியல் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும். விஷயம் நம் களத்துமேட்டுக் கணக்குதான்.

எத்தனை என்று மட்டும் பார்க்காதே, எத்தனைக்கு எத்தனை என்று பார். இதுதான் முதல் பாடம். ஒரு பெரிய ஊரில் வருஷத்தில் 100 குழந்தைகள் உயிரோடு பிறந்து, ஒரு வயது நிறையுமுன் 2 இறந்தன என்று வையுங்கள். பக்கத்துச் சிற்றூரில் 20 பிறந்து 1 இறந்தது. எந்த ஊரில் ஆபத்து அதிகம்? ஆயிரம் பிறப்புக்கு என்று போட்டால் பெரிய ஊரில் 20, சிற்றூரில் 50! ஆனாலும் சிற்றூரைப் பற்றி உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு குழந்தை கூடினாலும் குறைந்தாலும் அங்கே கணக்கு புரண்டுவிடும். நாலைந்து வருஷத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய பதிவேடுகளைப் பத்திரப்படுத்துவது அதற்காகத்தான்.

இதற்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். இந்தியாவில் 1971-ல் 129 ஆக இருந்தது, 2020-ல் 28. தமிழ்நாட்டில் அதே 2020-ல் 13.

இனி கஷ்டமான விஷயத்துக்கு வருவோம். பிறந்து சில மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டால், "பேர்கூட வைக்கலியே, அதை எதுக்கு எழுதணும்?" என்பார்கள். துக்க வீட்டில் இதைக் கேட்பது நர்சம்மாவுக்கும் சங்கடந்தான். ஆனால் ஒரே ஒரு மூச்சு விட்டு அடங்கியிருந்தாலும் அது உயிரோடு பிறந்த குழந்தை. பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். 'செத்துப் பிறந்தது' என்று மாற்றிச் சொல்லிவிட்டால், மூச்சுத் திணறலா, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவா, கிருமி தொற்றியதா என்ற விசாரணை தடம் மாறிப்போகும். ஒரே தெருவில் மூன்று குழந்தைகள் இப்படிப் போனாலும் சிசு மரணக் கணக்கில் ஏறாது. அந்தத் தாய் அடுத்து உண்டாகும்போது கூடுதல் கவனிப்பு தேவை என்பதும் சரியாகத் தெரியாமல் போகும்.

பெரியவர்கள் வேண்டாமென்று தடுத்தால், கணவன்மாரே, நீங்கள் முன்வந்து சொல்லுங்கள். அவளையே சொல்லவிட்டுத் தள்ளி நிற்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்த பிறப்பையும் இறப்பையும் ஆஸ்பத்திரியே தெரிவிக்கும். வீட்டில் நடந்தால் குடும்பத் தலைவர் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. எங்கே பதிவது என்பதை உங்கள் நர்சம்மாவிடமே கேளுங்கள்.