மார்ச் 5 எப்படி மே 3 ஆனது?

கேள்வி: சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். கேட்டில் பதியும் லோடு விவரம் சிஎஸ்வி கோப்பாக வரும். அதை எக்செல்லில் திறந்து, எக்செல் கோப்பாகச் சேமித்து, நானே எழுதிய பைத்தான் நிரலில் மாத அறிக்கை எடுக்கிறேன். 2025 மார்ச் 5 அன்று வந்த லோடு மே 3 என்று வருகிறது. 25ஆம் தேதி லோடு சரியாக இருக்கிறது. அடுத்த வாரம் ஆடிட். கணக்கில் கை வைத்துவிட்டேன் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஆர்.எஸ்., கும்மிடிப்பூண்டி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் கணக்கு எதுவும் தொலையவில்லை, முழுவதையும் மீட்டுவிடலாம். காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்தும் இதே கேள்வி எனக்கு வந்ததுண்டு.

உங்கள் கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அங்கே மாதம் முதலில் வரும், நாள் பிறகு. எக்செல் கோப்பைத் திறந்தவுடன், யாரையும் கேட்காமல் பார்சிங் (எழுத்தைப் படித்துத் தேதியாக எடுத்துக்கொள்வது) செய்துவிடுகிறது. 05/03/2025 அதற்கு மே 3. திரையில் 5/3/2025 என்றே தெரிவதால் உங்கள் கண்ணுக்குத் தப்பு படவில்லை. 25/03/2025 வரும்போது, 25ஆவது மாதம் கிடையாதே, அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. சரியாகத் தெரிந்தவை எக்செல் தேதி என்றே புரிந்துகொள்ளாதவை.

உள்ளே எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 45000 என்றால் 2023 மார்ச் 15. எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். நீங்கள் அலைன்மென்ட்டை மாற்றாதிருந்தால் வலப்பக்கம் நிற்பவைதான் மாறிப்போனவை. ஆண்டுக்கு 132 தேதிகள் இப்படி மாறக்கூடியவை. 04/04 போன்ற 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான்.

கேட்டிலிருந்து வந்த மூலக் கோப்பு இருந்தால் அதிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். இல்லாவிட்டால் வலப்பக்கத் தேதிகளில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுங்கள். பிறகு கேட் பதிவு எண்ணோடு ஒத்துப் பாருங்கள். எண் ஏற ஏறத் தேதியும் ஏற வேண்டும். பின்னால் போகும் வரி இருந்தால், வேறு கம்ப்யூட்டரில் யாரோ கையால் அடித்ததாக இருக்கலாம். அதைத் தனியே பாருங்கள்.

இனி கோப்பை நேரடியாகத் திறக்காதீர்கள். எக்செல்லின் டேட்டா பகுதி வழியாக இறக்கி, அந்தப் பத்தி நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிவிடுங்கள். அதைவிட நல்லது, பைத்தானே மூலக் கோப்பைப் படிக்கட்டும். வடிவத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், அதன் ஊகத்துக்கு விடாதீர்கள். ஓர் எச்சரிக்கை: பைத்தானில் சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஜாவாவில் நேர் தலைகீழ். எல்லா லோடும் ஜனவரியில் வந்ததாகக் காட்டினால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

சேமிக்கும்போது 2025-03-05 என்று ஆண்டை முன்னால் வையுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் 1988 முதல் சொல்வது இதுதான். எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை கலையாது.

ஆடிட்டரிடம் எதையும் மறைக்க வேண்டாம். பழைய கோப்பை அழிக்காமல் வைத்து, எந்தெந்த வரியை ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, கேட் ரிஜிஸ்டரோடு சேர்த்து முதல் நாளே நீங்களாகக் கொடுத்துவிடுங்கள்.