டிடிபி என்றால் டைப் அடிப்பதுதானா?

மைசூரில் கல்யாணப் பத்திரிகையை இடப்பக்கம் கன்னடத்திலும் வலப்பக்கம் தமிழிலும் அடிக்கச் சொல்லும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. டிடிபி, அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் தொழில், கற்கப் புகுபவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தால் போதும், டிடிபி வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த ஒரு தாளிலேயே பொய்த்துவிடும்.

கன்னடக் கூட்டெழுத்தில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் அடியில் தொங்கும். ஒத்தக்ஷர என்பார்கள். தமிழில் நாம் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழுக்கு அளந்த வரி இடைவெளியைக் கன்னடத்துக்குக் கொடுத்தால், தொங்கும் எழுத்து அடுத்த வரியின் தலையில் இடிக்கும். கன்னடத்துக்கு அளந்ததைத் தமிழுக்குக் கொடுத்தால் பத்தி கலகலத்துக் கிடக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரண்டு ஓரத்தையும் நேராக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். அங்கே இடது ஓரத்தை மட்டும் நேராக விடுவதே அழகு. இந்த இடைவெளிக் கணக்கு புதிதல்ல. 1970இல் பண்டிதர் வரதராஜ ஐயங்கார் மைசூரில் தொடங்கிய ‘சுதர்மா’ சமஸ்கிருத நாளிதழ் ஆரம்பத்தில் கையால் அச்சுக் கோத்து வந்ததுதான். அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள் வரிகளுக்கிடையே ஈயப் பட்டைகளைச் செருகிப் போட்ட அதே கணக்கைத்தான் இன்று கணினியில் போடுகிறோம்.

‘எந்த ஃபாண்டாக இருந்தால் என்ன, எல்லாம் தமிழ்தானே’ என்பது அடுத்த நம்பிக்கை. அதிகம் பேரை அழவைப்பதும் இதுதான். பாமினி ஃபாண்டில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஃபாண்டை மாற்றினால் போர்வை விலகிவிடும். வாட்ஸ்அப்பில் வரும் தமிழோ யூனிகோடு. அதில் தமிழ்க் குறிகளுக்குத் தமக்கே உரிய எண்கள் உண்டு. அதைப் பாமினியில் ஒட்டினால் பாமினியின் உருவம் வராது. முதலில் யூனிகோடைப் பாமினியாக்கும் மாற்றியில் போட்டெடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் யூனிகோடிலேயே தொடங்கிவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

பேஜ்மேக்கர் தெரிந்தால் போதும் என்பார்கள். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அந்த மென்பொருள்தான் இந்தத் தொழிலையே பிறப்பித்தது. அந்த மரியாதை அதற்கு என்றும் உண்டு. ஆனால் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுவிட்டது. யூனிகோடு அதற்குத் தெரியாது. இன்றைய இன்டிசைன் மென்பொருளில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் கன்னடமும் உடையாமல் வரும். காசு இல்லாதவர்கள் ஸ்கிரைபஸ் மென்பொருளின் புதிய பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

திரையில் தெரிவதே தாளில் வரும் என்பதும் தவறு. திரை மூன்று நிற ஒளி, அச்சு நான்கு நிற மை. பளிச்சென்ற பச்சை தாளில் மங்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 900 பிக்சல் அகலப் படம் மூன்று அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதனால் அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பிரதியைத் தாளில் எடுத்துப் பாருங்கள். கன்னடப் பக்கத்தைக் கன்னடம் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.