மடிக்கணினியில் எதை மாற்றலாம்? எதை மாற்ற முடியாது?



நம் ஹாஸ்டலில் மாலை ஏழு மணிக்கு மேல் எந்த அறைக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "மச்சான், உன் லேப்டாப்புல கிராபிக்ஸ் கார்டு என்னடா?" கேம் விளையாடுபவனுக்கும் அது வேண்டும், ஆட்டோகேட்டில் முப்பரிமாணப் படம் வரைபவனுக்கும் அது வேண்டும். பழைய லேப்டாப்பில் புது கார்டும் புது பிராசஸரும் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் என் அம்மாவின் சீட்டுப் பணம் இருபதாயிரம் ரூபாய் போக இருந்தது. வேறு யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் வீடு குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் லைனில் இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு லேப்டாப் வாங்கினேன். கேம் போட்டால் திக்கித் திக்கி ஓடியது. கீழே சமவெளியில் ஒரு கடைக்காரர், "இருபதாயிரம் குடு தம்பி, கார்டு, பிராசஸர் ரெண்டையும் மாத்தி கேமிங் லேப்டாப்பாவே ஆக்கித் தரேன்" என்றார். அம்மாவும் சீட்டை எடுத்துத் தரச் சம்மதித்தார்.

அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, எல வாட்டுற தொட்டி ஃபேனுக்கு அஞ்சு ஹெச்.பி. மோட்டார எடுத்துட்டு ஏழரை போட்டா, ஸ்டார்ட்டர், கேபிள், ஃபியூஸ் எல்லாத்தையும் பாக்கணும். உக்கார இடமும் பத்தணும். இதுல அதெல்லாம் என்ன பண்ணுவாங்களாம்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஆசிரியரின் அனுமதியோடு லேபில் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தோம். கழற்றுவதற்கு அதில் கார்டே இல்லை! கிராபிக்ஸ் வேலையையும் பிராசஸரே செய்கிறது. அந்த பிராசஸரோ போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் எதை மாற்றித் தந்திருப்பாரோ, அவருக்கே வெளிச்சம்.

ஏன் மாற்ற முடியாது?

மேஜைக் கணினியில் பிராசஸர் சாக்கெட்டில் உட்காரும். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டில் செருகப்படும். மின்சாரம் பற்றவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியில் அப்படி இல்லை. சிப்பின் அடியில் ஏராளமான சின்னஞ்சிறு பற்றாசு உருண்டைகள் இருக்கும். அவற்றை உருக்கித்தான் சிப்பைப் போர்டோடு ஒட்டுகிறார்கள். இதற்கு பி.ஜி.ஏ. முறை என்று பெயர்.

முன்பு நிலைமை வேறு. 2013-ல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை வரை பல மடிக்கணினிகளில் பிராசஸருக்குச் சாக்கெட் இருந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினி பிராசஸர்கள் பி.ஜி.ஏ. முறைக்கே போய்விட்டன. கிராபிக்ஸுக்கு எம்.எக்ஸ்.எம். என்ற கழற்றும் அட்டை சில விலை உயர்ந்த மாடல்களில் மட்டும் இருந்தது.

சரி, சூடு காட்டி சிப்பை எடுத்துவிட்டு வேறு போட முடியாதா? அங்கேதான் அப்பாவின் கேள்வி வருகிறது. மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். ஒன்று இடம். இரண்டு மின்சாரம்: போர்டில் உள்ள சர்க்யூட்டும் அடாப்டரும் புது சிப் கேட்கும் வாட்ஸைக் கொடுக்க வேண்டும். மூன்று வெப்பம்: செம்புக் குழாயும் ஃபேனும் அந்தச் சூட்டை வெளியேற்ற வேண்டும். போதாக்குறைக்கு பயாஸும் புது சிப்பை அடையாளம் காண வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கே இது சுலபமாக இல்லை. 2019-ல் டெல் கம்பெனி ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற மாடலை மேஜைக் கணினி பிராசஸரோடும், கழற்றக்கூடிய கிராபிக்ஸ் அட்டையோடும் கொண்டுவந்தது. 2020-ல் இன்டெல்லின் அடுத்த தலைமுறை பிராசஸர் வேறு சாக்கெட்டில் வந்துவிட்டது. பழைய போர்டில் அது உட்காராது. 2024-ல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் 16-ல் கிராபிக்ஸ் பகுதியைக் கழற்றி மாட்டலாம். ஆனால் இது விதிவிலக்குதான்.

எவற்றை மாற்றலாம்?

1. ரேம்: டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட் உள்ளது, எத்தனை நிரம்பியுள்ளது என்று காட்டும். டி.டி.ஆர்.4 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.5 நுழையாது. தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் ஒரு ரேமுக்குப் பதில் ஒரே மாதிரி இரண்டு ரேம் போட்டால் கேமிலும் வித்தியாசம் தெரியும். காரணம், அதன் கிராபிக்ஸ் பகுதி அந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. சில மெல்லிய மாடல்களில் ரேமும் பற்றவைக்கப்பட்டிருக்கும், ஜாக்கிரதை!

2. எஸ்.எஸ்.டி.: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இதைப் போட்டால் பழைய கணினிக்குப் புது உயிர் வரும். தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதல்லவா? என் பெரியப்பா மகனுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினி எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு இன்றும் டைப் அடிக்க உதவுகிறது.

3. தெர்மல் பேஸ்ட்: சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே உள்ள இந்தப் பசை நாளடைவில் காய்ந்துவிடும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புதுப் பசை தடவி, ஃபேனில் தூசி தட்டினால் இழந்த வேகம் திரும்பும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாரண்டி இருந்தால் விதிமுறையைப் படித்துவிட்டுத் திறங்கள்.

நம் மலைக்கு ஒரு வார்த்தை

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240 மீட்டர். இங்கே காற்று லேசானது. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொஞ்சம் குறைவான சூட்டையே எடுத்துச் செல்லும். ஆனால் நம் குளிர் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது. நமக்கு உண்மையான எதிரி மூடுபனிதான். பனியில் நனைந்து வந்த பையிலிருந்து லேப்டாப்பை எடுத்ததும் ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் அறையின் ஈரம் நீராகப் படியும். அரை மணி நேரம் பொறுத்தால் நல்லது.

வாங்கும் முன்பே யோசியுங்கள்

மாற்ற முடியாத இரண்டையும் வாங்கும் நாளிலேயே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயர் கொண்ட லேப்டாப் சிப், மாடலைப் பொறுத்து 35 வாட்ஸிலிருந்து 115 வாட்ஸ் வரை இயங்கும். வாட்ஸ் குறைந்தால் வேகமும் குறையும். ஆகவே கடையில் "இது எத்தனை வாட்ஸ்?" என்று கேளுங்கள். கூடவே "ரேம் ஸ்லாட் காலியா இருக்கா?" என்றும் கேளுங்கள்.

முடிவுரை

நான் இன்னொரு ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் மட்டும் போட்டேன். பெரிய கேம் இன்னும் ஓடாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆட்டோகேட் நன்றாக ஓடுகிறது. சீட்டுப் பணத்தில் பெரும்பகுதி அம்மாவின் தகரப் பெட்டியிலேயே இருக்கிறது.

படிக்காத அப்பா கேட்ட கேள்வியை, படிக்கும் நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்? இப்போது எந்த மிஷினைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள் நண்பர்களே!

— இரண்டாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் பிரிவு